அக்கா பயந்த சோயா

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சிக் காரில் உட்கார்ந்திருந்தபோது கழுத்திலிருந்து நெற்றிவரை குப்பென்று சூடு ஏறியது. வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்த நர்ஸ் முச்சந்தியில் தயங்கியதும் கத்திவிட்டேன். இத்தனை வருஷம் வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறேன், யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. அவர் காரை ஓரங்கட்டிவிட்டு, என் வியர்வையைப் பார்த்து, "உங்களுக்கு வயசு என்ன மேடம்?" என்று கேட்டார். நாற்பத்தேழு. மாதவிடாய் நிற்கப்போகிற காலமாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள் என்றார். சோயா சாப்பிட்டால் சிலருக்குச் சூடு தணியுமாம்.

மார்ச் 5

சோயா உருண்டை வாங்கி வந்தேன். அக்காவிடம் போனில் சொன்னதுதான் தாமதம்: "அத வாயில வைக்காத. என் கதி உனக்கு வேணாம்." மார்பில் புற்றுக்கட்டி வந்து பிழைத்தவள்; சோயா கட்டியை வளர்க்கும் என்று அவளுக்குப் பயம். அவள் பேச்சை எப்படித் தட்டுவது? பொட்டலம் மேல்தட்டுக்குப் போனது.

மார்ச் 19

இரண்டு மாதமாக எட்டிப் பார்க்காத மாதவிலக்கு, வந்ததும் நிற்கமாட்டேன் என்கிறது. இது அதுதானா? அக்காவுக்கு வந்தது எனக்கும்... யார்கிட்ட சொல்றது? வீட்டுக்காரர் என்னாச்சுன்னு கேட்டாலே எரிஞ்சு விழுறேன். பாவம் மனுஷன்.

மார்ச் 21

ஸ்கேன் எடுத்தார்கள்.

மார்ச் 24

ஒன்றுமில்லை. கட்டி கிட்டி எதுவும் இல்லை. ஹார்மோன் ஏறி இறங்குகிறதாம். மறுபடி இப்படிப் போனால் உடனே வரவேண்டுமாம். சோயாவைப் பற்றிக் கேட்டேன். "சாப்பாடா சாப்பிடுங்க, பயமில்ல. மாத்திரையா விக்கிறத மட்டும் என்னைக் கேக்காம போடாதீங்க" என்றார் டாக்டரம்மா. சூடு தணிந்தாலும் தணியலாம், மருந்து என்று நம்பிவிடக் கூடாதாம். வெளியே காத்திருந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார், நடுத்தெருவில். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பிடித்ததில்லை.

ஏப்ரல் 2

இன்று அவரே சோயாவை ஊறவைத்துப் பிழிந்து வதக்கினார். துணி துவைத்த மாதிரி அடுப்படி முழுக்கத் தண்ணீர். ருசி பரவாயில்லை.

மே 6

சூடு இன்னும் வருகிறது, முன்னைப்போல் இல்லை. சோயாவா, சாயங்கால நடையா, பயம் விட்டதா? யார் கண்டது.

மே 18, ஞாயிறு

அக்கா சாப்பிட வந்தாள். தன் டாக்டரிடம் சோயாவைப் பற்றிக் கேட்டாளாம். அளவாகச் சாப்பிடலாம் என்றாராம். "இத்தன வருஷம் சும்மா பயந்து கெடந்திருக்கேன்டி." சோயாவில் முதல் வாய்க்கு உப்பு பற்றாது என்று குறை சொன்னாள். பிறகு பாத்திரத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.