இடவலம் மாறிய போர்டு

17 ஆகஸ்ட் 2006, வியாழன்

சர்க்யூட் போர்டு வரைய, புதிதாகக் கற்பவர்களுக்கும் எளிதான மென்பொருள் ஒன்றைப் போன வாரம் கம்ப்யூட்டரில் போட்டேன். அதில் நான் வரைந்த முதல் போர்டுக்கு இன்று நானும் தங்கை புருஷன் சேகரும் வேலை செய்யும் தாம்பரம் பட்டறையில் கரண்ட் கொடுத்தோம். கெப்பாசிட்டர் வெடித்து, சேகரின் புருவத்தைக் கிழித்தது. அச்செடுத்தபோது படம் இடவலம் மாறி, கெப்பாசிட்டருக்குப் பிளஸும் மைனஸும் தலைகீழானதை நான் கவனிக்கவில்லை.

"கண்ணு போயிருந்தா இன்னாடா பண்ணுவே?" என்று சேகர் என் கன்னத்தில் அறைந்தான். என் தலை சுவரில் மோதியது. என் கையில் ஈயம் உருக்கும் சூட்டோடு இருந்த சால்டரிங் அயர்னை அவன் மணிக்கட்டில் அழுத்தினேன். வேண்டுமென்றேதான். அவன் அலறிய பிறகும் உடனே எடுக்கவில்லை.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவர் கையில சால்டரிங் அயர்ன் தவறி விழுந்துடுச்சாமே? நீ கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதா?"

"பார்த்துக்கறேன்மா" என்றேன்.

சேகர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாளை எந்த முகத்தோடு பட்டறைக்குப் போவேன்?