ஆறு மாசம் உயிர் வேண்டுமாம்

சகினா,

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் இன்றிரவு எனக்குச் சோறு போடாதே. கோலாலம்பூருக்கு நீ மட்டும்தான் போகப்போகிறாய்.

காலையில் மந்தைவெளிக்கு டிக்கெட் எடுக்கப் போனேன். டிராவல்ஸ் புகழேந்தி என் பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா பாய், நாலு மாசம்தான் உயிர் கீது! அங்க எறங்கறப்ப ஆறு மாசம் இருக்கணும். பிளைட்ல ஏத்த மாட்டான்."

"நான் தங்கப்போறதே பதினைஞ்சு நாள். எனக்கே ஆறு மாசம் கேரண்டி கிடையாது, என் புஸ்தகத்துக்குக் கேக்குறியா?"

நான் போட்ட சத்தத்தில் கடையின் மின்விசிறி நின்றுவிட்டது. மலேசியாவிலிருந்து ஓர் அதிகாரி போனில் வந்து, அழுது மன்னிப்புக் கேட்டார். நான் மன்னிக்கவில்லை. பேரப்பிள்ளை அங்கே பிறக்கும்போது தாத்தா இங்கே உட்கார்ந்து கொசு அடிப்பதா? என்ன அநியாயம் இது!

தத்காலில் அவசரப் பாஸ்போர்ட்டுக்கு அலையப் போகிறேன். மீன் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடு. உன் பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது; சாவி அரிசி டப்பாவில்.

பி.கு.: "பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்க, எடுத்துப் பாருங்க" என்று நேற்று நீ கத்தியதை நான் மறக்கவில்லை.

நம் மகள் ஜோயாவைக் கொஞ்சம் பொறுத்துப் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல். நான் வந்துவிடுவேன்.

ஓரத்தில் இடமிருப்பதால் இதையும் எழுதுகிறேன்: என் பாஸ்போர்ட் போன வருஷமே காலாவதியாகிவிட்டது. இன்றிரவு எனக்குச் சோறு போடாதே.