அப்பாமேல் வந்த சாமி

ஜூலை 1, செவ்வாய்
காலையிலிருந்து மழை. ரெம்பாவ் எஸ்டேட்டில் அண்ணனையும் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி. அண்ணி பிஸ்கட், போர்வை எல்லாம் கொண்டுவந்தார். அப்பாயின்ட்மென்ட் அட்டையை மட்டும் விட்டுவிட்டார். நானும் கேட்க மறந்தேன். நல்ல ஜோடி.

அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். கொஞ்ச காலமாகக் கைகால் தானாக ஆடுகிறது. போன மாதம் லாரி வாய்க்காலில். குடித்திருந்தார் என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொன்னாராம். குடிக்காத மனுஷன்.

டாக்டரம்மா நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு நாக்கை நீட்டி அப்படியே வைக்கச் சொன்னார். நாக்கு உள்ளே ஓடியது. மறுபடி நீட்டினார், மறுபடி ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்தது, பாவி.

"வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படி ஆடுமா?"

அண்ணனுக்குப் பெருமை. "எங்கப்பாமேல சாமி வரும் டாக்டர். தாத்தாமேலயும் வந்துச்சு. மத்தவங்களுக்கு உறுமி அடிச்சாதான் வரும். எங்கப்பாவுக்கு மேளமே வேணாம். எஸ்டேட்டே கால்ல விழும்!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஜூலை 3, வியாழன்
வெயில். அண்ணனுக்கு எம்ஆர்ஐ, ரத்தம். ரத்தம் கோலாலம்பூருக்குப் போகிறதாம். சந்தேகப்படும் நோய்க்கு வாயில் நுழையாத பெயர். மூளை கொஞ்சம் கொஞ்சமாக அழியுமாம். மருந்து ஆட்டத்தைக் குறைக்கும், அவ்வளவே. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம்.

அப்பா கடைசியில் விழுங்க முடியாமல் கிடந்தார். சாமி குற்றம் என்று கிடா வெட்டினோம்.

அண்ணிக்கு என்மேல் கோபம். "சாமியப் போயி சீக்குன்னு சொல்றாங்க லா, கூடப்பொறந்த தங்கச்சி நீயும் தலையாட்டுற!"

பால், சலவைத்தூள் வாங்க வேண்டும்.

குளியலறைக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். நின்றது.

ஜூலை 30, புதன்
புழுக்கம். அண்ணனுக்கு அதேதான். உறுதி.

அவர் கேட்டது ஒன்றுதான். "அப்போ அப்பாமேல சாமி வரவே இல்லையா?"

அண்ணி அவர் தோளில் போர்வையை இழுத்துவிட்டார்.

டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்தார். "நீங்களும் டெஸ்ட் எடுக்கலாம். கட்டாயம் இல்ல. முதல்ல கவுன்சலர்கிட்ட பேசுங்க."

யோசிக்கிறேன் என்றேன். பொய். எடுக்கப் போவதில்லை. ஜனவரியில் மகள் மாலதிக்குக் கல்யாணம். எனக்கு இருந்தால் அவளுக்கும் வரலாம். பயமாக இருக்கிறது.

பால் மறுபடி மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
மப்பும் மந்தாரமும். எஸ்டேட் கோயில் ஆடித் திருவிழா. அண்ணனால் முடியாது, எங்கள் வீட்டுத் தட்டை நான் தூக்க வேண்டியதாயிற்று. மாலதி பக்கத்தில், புதுச் சேலை.

வாசலில் காத்து நிற்கும்போது தட்டு கடகடவென்றது. இறுக்கிப் பிடித்தேன். கை கேட்கவில்லை. தேங்காய் உருண்டு ஓடியது.

அண்ணிதான் முதலில் குலவையிட்டார். "வந்துட்டாரு! அப்பன் சாமி மகமேல எறங்கிட்டாரு!"

பெண்கள் ஒவ்வொருவராகக் காலில் விழுந்தார்கள். மாலதியும் விழுந்தாள். திருநீறு கேட்டு என் முகத்தையே பார்த்தாள்.

உறுமிக்காரர்கள் அந்தப் பக்கம் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.