நாலு மணிக்கு இரண்டு தட்டு

அன்புள்ள ஒட்டகத் தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே உடம்பு சௌக்கியம், வாய் அதைவிடச் சௌக்கியம். அந்தத் துறைமுகத்தில் உன் உயரத்துக்குக் கதவு இருக்கிறதா, இல்லை தினமும் நெற்றியில் புடைப்பா? என் கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே. மூன்றாவதோடு நின்ற படிப்பு இவ்வளவுதான்.

மொட்டைமாடியில் சத்தம் அளக்கும் பெட்டி வைத்தார்களே, அது பஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. பக்கத்தில் புடவை காயப்போடக் கூடாதாம். அது படபடப்பதையும் பதிந்துகொள்ளுமாம். வீட்டுக்கு ஒரு நோட்டும் கொடுத்தார்கள். துறைமுகத்திலிருந்து என்ன சத்தம், எத்தனை மணிக்கு, என்ன தொந்தரவு என்று எழுத வேண்டும்.

எழுதினேன் தம்பி. தினம் நாலு மணி, நாலாம் கிரேன், கண்டெய்னர் இரண்டு தட்டு. தொந்தரவு என்ற கட்டத்தில், 'இல்லை, சந்தோஷம்.'

உன்னோடு ஷிப்ட் மாற்றி அந்தக் கிரேனை ஓட்டிய உன் அண்ணன், வேலை முடிந்து இறங்குவதற்கு முன் கடைசிக் கண்டெய்னரைத் தரையில் இரண்டு முறை தட்டி வைப்பார். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வை என்று எனக்குச் சேதி. அவர் செத்து இரண்டு வருஷமாகியும் அந்தத் தட்டு நிற்கவில்லை. அவர்தான் என்று நினைத்து நானும் தினம் தண்ணீர் வைத்தேன். வராத புருஷனுக்கு டம்ளர் கழுவுகிறாள் என்று மாடிவீட்டு அக்கா கேலி செய்வாள்.

சத்தம் அளக்கிறவர் கடைசிக் கட்டத்தைப் படிக்கவே இல்லை. போன மாதம் பெருமையாக வந்து, "அந்த டிரைவரைக் கண்டுபிடிச்சு வேற ஊருக்கு மாத்தியாச்சும்மா, இனி நிம்மதியா இருங்க" என்றார். அப்போதுதான் தட்டியது நீ என்று தெரிந்தது. இரண்டு வருஷமாக மூச்சு விட்டாயா, கள்ளா! பெண்டாட்டி பிள்ளையை இங்கே விட்டுவிட்டு நீ அங்கே கிடக்க என் கையெழுத்தே காரணமாகிவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு துறைமுக ஆபீசுக்கு மூன்று தடவை நடந்துவிட்டேன். உன்னைத் திரும்ப வரவழைக்கும் வரை விடமாட்டேன்.

இன்னொன்று. நீ போனபின் ஐந்து நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஆறாம் நாள் நாலு மணிக்குக் கேட்டது. இரண்டு தட்டு. சத்தம் அளக்கிறவரிடம் ஓடினேன். "நாலு மணிக்குப் பெட்டியில ஒரு கோடுகூடப் பதியலையேம்மா" என்றார். நாலாம் கிரேன் ஏணிக்கே பூட்டுப் போட்டிருக்கிறதாம். நேற்றும் கேட்டது. நோட்டில் எழுதவில்லை.

நீ அங்கே நாலு மணிக்கு இன்னும் தட்டுகிறாய் என்றால் ஒரு வரி எழுதிப் போடு. காற்று கொண்டுவருகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். தட்டவில்லை என்றால் பதில் போடாதே. எங்கிருந்தாலும் நன்றாக இரு.

மணி நாலாகப் போகிறது. தண்ணீர் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டு டம்ளரையும் கழுவி வைத்திருக்கும்
உன் அண்ணி