சீயோனுக்குப் பட்டு, எனக்குப் புழு

அன்பு மகன் ஹீலமனுக்கு அம்மா ட்ரூசில்லா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, தங்கை லவீனா, உன் சித்தி கிர்ஸ்டீன், எருதுகள் இரண்டு எல்லாரும் கர்த்தர் கிருபையில் சுகம், இதுவரை எங்களோடு குடியிருந்த பட்டுப்புழுக்கள் எங்களைவிடச் சுகமாக இருந்துவிட்டுப் போயின. டென்மார்க்கில் உன் ஊழியம் எப்படி நடக்கிறது, அந்த ஊர்க் கருப்பு ரொட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

புழுக் கதையைக் கேள். சீயோனாகிய நம் ஊர்ப் பெண்கள் வெளியூர்ப் பட்டு வாங்குவதை நிறுத்தவேண்டும், நம் பட்டை நாமே நூற்கவேண்டும் என்று பிஷப் பெல்லோஸ் வசந்தத்தில் பிரசங்கம் செய்தார். இந்தப் பொட்டல்வெளியில் பட்டு கட்டியவள் ஒருத்தி இல்லை, நிறுத்துவதற்கு முதலில் தொடங்கியிருக்கவேண்டாமா என்று நான் முணுமுணுத்து உன் அப்பாவிடம் முழங்கையால் ஒரு இடி வாங்கிக்கொண்டேன். பிறகு பெண்கள் சங்கத்தில் கசகசா மாதிரி முட்டைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, சூடு குறையாமல் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திரு என்றார்கள். உன்னையும் லவீனாவையும் வளர்த்த இடம்தானே, இதுவும் வளர்ந்துவிட்டுப் போகட்டும் என்று செருகிக்கொண்டேன். வினை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிஷப்பின் நீண்ட ஜெபத்துக்கு நடுவில் அத்தனையும் ஒன்றாகப் பொரிந்துவிட்டன. கருப்பு நூல் துணுக்குகள் மாதிரி கழுத்து, அக்குள், விலா என்று ஊர்ந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எழுந்து குதித்தேன், கையை உதறினேன், வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். சபை மொத்தமும் கண்ணீரோடு ஆமென் போட்டது, ஆவி இறங்கி எனக்கு யாருக்கும் புரியாத அந்நியபாஷை வந்துவிட்டதாம்! வந்தால் அதற்கு அர்த்தம் பிரித்து வியாக்கியானம் சொல்ல ஒருவர் வேண்டுமே, சகோதரர் ஒபதியா எழுந்து கண்ணை மூடிக்கொண்டு, இந்தச் சகோதரி தன் அறையையே பட்டுக்குக் கொடுக்கிறாள் என்றார். தெற்கு ஜன்னலும் இரும்பு அடுப்பும் சேர்ந்த அறை ஊரில் என்னுடையது மட்டும்தான், அது ஆவிக்குத் தெரியுமோ இல்லையோ, எங்கள் அடுப்பை மாட்டிக்கொடுத்த ஒபதியாவுக்கு நன்றாகத் தெரியும். ஐயா, புழு, வெறும் புழு என்று நான் சொல்லச் சொல்ல, பாருங்கள் என்ன தாழ்மை, தன்னையே புழு என்கிறாள் என்று இன்னும் அழுதார்கள்.

அந்த அறை எனக்கு என்னவென்று உனக்குத் தெரியும். இந்த ஊருக்கு வந்துசேரச் சமவெளி முழுக்கக் கைவண்டி இழுத்து, மண்ணைத் தோண்டிய குழிவீட்டில் குளிர்காலங்களைத் தள்ளி, அதற்குப் பிறகு எனக்கென்று கிடைத்த ஒரே கதவு. சபை வழக்கப்படி அப்பா கிர்ஸ்டீனை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தபோதுகூட வீட்டுக்கு இரண்டு கதவு வையுங்கள், என் கதவு என்னுடையது என்று அது ஒன்றைத்தான் கேட்டேன். அந்தக் கதவு வழியாகப் புழுத்தட்டுகள் உள்ளே போக என் கட்டில் வெளியே வந்தது, வந்த கட்டில் எங்கே போகும், மூன்று வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசாத கிர்ஸ்டீனின் அறைக்குத்தான். புழு அங்கே, புழுக்கம் இங்கே. பட்டால்தான் தெரியும் என்பார்கள், பட்டு வளர்த்துப் பார், இன்னும் நன்றாகத் தெரியும். தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி புழுக்கள் ஓயாமல் இலையை மென்றுகொண்டே இருக்கும், ஊரில் உள்ள மல்பெரி மரமெல்லாம் மொட்டை. கிர்ஸ்டீன் மரத்தின் மேல், நான் சாக்கோடு கீழே. அக்கா, தள்ளி நில்லுங்க, விழுந்தா உங்க மேலதான் விழுவேன் என்றாள். நீதான் மூணு வருஷத்துக்கு முன்னாடியே விழுந்துட்டியே என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் நிஜமாகவே விழுந்துவிட்டாள். சுளுக்கிய காலுக்கு வாத்துக் கொழுப்பு தேய்த்துவிட்டேன், தேய்க்கும்போது வாயை மூடிக்கொண்டா இருக்கமுடியும், அன்று தொடங்கிய பேச்சு இன்னும் நிற்கவில்லை. புழுக்கள் கூடு கட்டின, சுடுதண்ணீரில் போட்டு நூல் எடுத்தோம். எல்லாவற்றையும் சேர்த்தால் பிஷப்புக்கு ஒரு கழுத்துக்குட்டை தேறும், அதுவும் அவர் கழுத்து ஒல்லி என்பதால்.

கட்டிலைத் திரும்பப் போட்டு மூச்சு விடுவதற்குள் போன ஞாயிறு பிஷப் எழுந்து, அடுத்த வருஷம் இரண்டு மடங்கு புழு, முழு வீட்டையே கொடுக்கச் சித்தமானவர்கள் வலது கையை உயர்த்துங்கள் என்றார். சபையில் உயர்த்திய கையை இறக்கமுடியாது, அது கர்த்தருக்குக் கொடுத்த வாக்கு. உன் அப்பா கைதான் தெரியுமே, கேள்வி முடியுமுன் எழும். எழ ஆரம்பித்த வலது கையை நான் பிடித்துக்கொண்டேன். இடது கை கிளம்பியது, அதைக் கிர்ஸ்டீன் பிடித்துக்கொண்டாள். மூக்கு அரிக்கிறதும்மா, விடுங்கள் என்று கெஞ்சினார், லவீனாவை விட்டுச் சொறியச் சொன்னோம். பின்வரிசையில் இருந்தவர்கள், இரண்டு மனைவிகளோடு என்ன ஒற்றுமை என்று உருகிப்போனார்கள். வேறு ஒரு கையும் எழவில்லை, கடைசியில் பிஷப் தன் வீட்டையே கொடுக்கவேண்டியதாயிற்று. பிஷப்பின் மனைவி எங்களைப் பார்த்த பார்வைக்கு எந்த வியாக்கியானமும் தேவைப்படவில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் கையை விட்டோம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, முழு உடம்போடு வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பாராக. சித்தியின் அக்கா அங்கே டென்மார்க்கில்தான், ஆல்போர்க்கில் இருக்கிறாளாம், மறக்காமல் போய்ப் பார். காலுறையை ஈரத்தோடு போடாதே. எந்தச் சபையிலும் கேள்வி முடியுமுன் கையைத் தூக்காதே, உனக்கும் ஓடுவது உன் அப்பா ரத்தம்தான்.

இப்படிக்கு,
தன் கதவைத் தானே சாத்திக்கொண்டு எழுதும்
உன் அம்மா ட்ரூசில்லா