ஸ்பேமில் கிடந்த தீபாவளி வாழ்த்து

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ரோட்டோரமெல்லாம் தண்ணீர். மொழிபெயர்ப்பு வேலை தீபாவளிக்கு முன்பிருந்தே இல்லை. விலை கேட்டவர்களுக்கு எழுதி அனுப்பியும் மறுமொழி இல்லை. இயந்திரமே மொழிபெயர்க்கும்போது நான் எதற்கு?

வெள்ளிக்குப் பிறகு இன்றுதான் வாய் திறந்தேன். மீ கோரெங் நூடுல்ஸ் கடையில், காரம் குறைவாக என்று. அவ்வளவுதான்.

நவம்பர் 12, புதன்

காய்கறி பாசாரில் தேவகியைப் பார்த்தேன். வக்கீல் ஆபீசில் இருப்பவள், பத்திரங்களை மொழிபெயர்க்க எனக்குத்தான் தருவாள். பார்க்காத மாதிரிப் போய்விடலாமா என்று யோசித்தேன். அவளே வந்தாள்.

"என்னக்கா, வேலைய விட்டுட்டீங்களா? விலை கேட்டு மெயில் போட்டேன், பதிலே இல்ல."

"அன்னைக்கே போட்டேனே. தீபாவளி வாழ்த்துகூட அனுப்புனேன்."

கீரைக் கடை ஓரமாக நின்று ஃபோனில் தேடினாள். எல்லாம் ஸ்பேமில். லாட்டரி விளம்பரங்களுக்கு நடுவே என் வாழ்த்து, குத்துவிளக்குப் படத்தோடு.

"அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்லா, அக்கா."

யாரும் என்னை ஒதுக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். வீட்டுக்கு வந்ததும் அழுகைதான் வந்தது.

நவம்பர் 13, வியாழன்

மெயில் சேவைக்கு ஃபோன். எடுத்தவள் கோகிலா. கெப்பாலா பத்தாஸ் ஊரில் வீட்டிலிருந்தே வேலையாம். பின்னால் சேவல் சத்தம்.

"உங்க டொமைன், அதான் முகவரியில @க்குப் பின்னாடி வர்ற பேரு, அந்தப் பேர்ல யாரு மெயில் அனுப்பலாம்னு ஒரு பதிவு இருக்கணும்கா. நீங்க எங்ககிட்ட மாறி வந்துட்டீங்க, பதிவுல இன்னும் பழைய கம்பெனிதான் இருக்கு. அதான் மத்தவங்க மெயில் சேவை உங்கள நம்ப மாட்டேங்குது."

அதற்கு எஸ்பிஎஃப் என்று பெயர். அவள் சொன்னபடி பதிவில் புதிய வரியைச் சேர்த்தேன்.

"ரெண்டு வரி இருக்கக்கூடாதுகா. பழச எடுத்துருங்க."

அடுத்தது டிகிம், என்னிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட மெயிலில் வைக்கும் முத்திரை. அதற்கான நீண்ட சாவியை ஒட்டும்போது கடைசி எழுத்து விடுபட்டுப்போனது. மறுபடியும் ஒட்டினேன். பிறகு டிமார்க்: என் பெயரில் போலி வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் வரி.

பதிவுகள் பரவ நேரமாகுமாம், நாளை பார்க்கலாம் என்றாள். ஃபோனை வைக்க மனமில்லை. சேவலைப் பற்றிக் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுதுகா. நேரங்காலமே தெரியாது அதுக்கு."

நவம்பர் 14, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

கோகிலா கூப்பிட்டாள். தன் ஆபீஸ் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கச் சொன்னாள்.

"சும்மா டெஸ்ட்னு மட்டும் போடாதீங்க. அதயும் சந்தேகப்படும். நெசமா ஒரு ஆளுக்கு எழுதுற மாதிரி எழுதுங்க."

மழை பற்றி எழுதினேன். நேற்று பெத்தாய்க் கொட்டையும் பெலாச்சான் இறால் விழுதும் போட்டு வைத்த மிளகாய்ச் சம்பல் பற்றி. ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்க அளவு பிடிபடவே மாட்டேன் என்கிறது என்று. அந்த வரியை அழிக்கப் பார்த்தேன். அழிக்காமலே அனுப்பிவிட்டேன்.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றிலும் தேறியது. இன்பாக்ஸில் விழுந்ததாம். அந்த வரியையும் அவள் படித்திருப்பாள். கூச்சமாக இருந்தது.

ஸ்பேமில் போன பழைய கடிதங்களை, விலை கேட்ட எல்லாருக்கும் மறுபடி அனுப்பினேன்.

நவம்பர் 17, திங்கள்

மூன்று பதில்கள்.

பதிப்பகம்: இப்போது இயந்திரத்திலேயே செய்துகொள்கிறோம், நன்றி. ஆக, நான் பயந்ததும் முழுக்கப் பொய்யில்லை.

தேவகி: ஒரு உயில், மலாயிலிருந்து தமிழுக்கு. புதனுக்குள் வேண்டும்.

மூன்றாவது கோகிலா, தன் சொந்த முகவரியிலிருந்து. "அக்கா, நானும் ஒரு ஆளுக்குத்தான் சமைக்கிறேன். சம்பலுக்கு பெலாச்சான் எவ்வளவு போடுவீங்க?"

உயிலை அப்புறம் பார்க்கலாம். முதலில் இவளுக்கு எழுதினேன். நீளமாகவே.