மீன் போடாத கூழ்

உடுவில்,
ஒக்டோபர் 12

அன்புள்ள மகன் லெனாட்டுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம், ஒஸ்லோக் குளிரில் உன் மூச்சும் முழங்காலும் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் கேட்கிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் சாப்பாட்டை வெறுத்துக் கிடக்கிறேன் என்று உன் மச்சாள் ஸ்ரெல்லா உனக்குச் சொன்னாளாம். அது தவறு. நான் மீனை மட்டுமே நிறுத்தியிருக்கிறேன். மீன்காரன் கேற்றடியில் ஹோன் அடித்துப் பார்த்துவிட்டு, ரீச்சருக்குக் கடும் வருத்தம், படுத்த படுக்கை என்று சுன்னாகம் வரைக்கும் பரப்பிவிட்டான், ஞாயிறு ஆராதனை முடிய இரண்டுபேர் எனக்காக ஜெபிக்கவும் வந்தார்கள். ஜெபம் வீண்போகாது என்பதால் நான் தடுக்கவில்லை.

காரணம் நீதான். போன முறை வந்தபோது, நெடுந்தூரம் ஓடுகிற நீ மீன், இறைச்சி, பால், முட்டை ஒன்றும் தொடுவதில்லை என்றாய். நானும் ஒடியல் கூழில் நண்டையும் மீனையும் அவியவிட்டு, பிறகு அகப்பையால் அரித்தெடுத்துவிட்டு, இது மரக்கறிக் கூழ் என்று உனக்கு வைத்தேன். இங்கே யாரும் அப்படித்தான் செய்வார்கள். நீ ஒரு வாய் குடித்துவிட்டு, பசியில்லை அம்மா என்று சொல்லி எழும்பிவிட்டாய், பிறகு குசினியில் நின்று வெறுஞ்சோறு தின்றதைக் கண்டேன். அடுத்த நாள் காலை அந்தச் சோற்றின் பலத்தில் மருதனார்மடம் தாண்டி ஓடினாய், மகனுக்கு என்ன அவசரம் என்று வழியெல்லாம் கேட்டார்கள்.

இப்போது ஓட்டத்துக்குக் காபோவைதரேற்று என்கிற மாச்சத்து வேண்டும், பயிற்சிக் காலத்தில் சாப்பாடு பிசகக்கூடாது, அதனால் டிசம்பரில் நத்தாருக்கு வருவதைப் பாப்பம் என்கிறாய். கொன்வென்ரில் சிஸ்டர்மார் கேள்விக்கு நேரே பதில் எழுதத்தான் எங்களைப் பழக்கினார்கள், பாப்பம் என்பது பதில் அல்ல. நீ அங்கே பைக்கற்றில் வாங்குகிற சத்து இங்கே குரக்கன் புட்டிலும் மரவள்ளியிலும் சிவப்பரிசிச் சோற்றிலும் இல்லையா? மீன் போடாத கூழும் சரிவந்துவிட்டது. முதல் பானை வெறும் பசை, ஸ்ரெல்லாவின் கோழிகளும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை போட்டு, பழப்புளியையும் செத்தல் மிளகாயையும் கொஞ்சம் கூட்டினேன், இப்போது நண்டைத் தேடத் தோன்றாது. குடித்துப் பார்க்காமல் உனக்கு வைக்க முடியாதே, மீன் ருசி நாக்கில் கிடந்தால் கூழின் ருசி பிடிபடாது, அதற்காகத்தான் மீனை நிறுத்தினேன்.

ஆனால் கூழ் ஒருவருக்கென்று காய்ச்சுகிற பண்டம் அல்ல, சின்னச் சட்டியில் அது கூழாக வராது. பெரிய பானையில் காய்ச்சி, ஸ்ரெல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நான் மேசையில் தனியே இருந்து குடிக்கிறேன். போன சனிக்கிழமை கூழ் குடிக்கப் பிலாவிலையைக் கரண்டியாகக் கோலும்போது கை தன்பாட்டில் உனக்கும் ஒன்று கோலிவிட்டது. ஸ்ரெல்லா அதைக் கண்டு, "மச்சான் வாறன் எண்டு சொன்னவரே, மாமி?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான் என்பது உனக்குத் தெரியும்.

ஓடும்போது காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு றோட்டைக் கடக்காதே. ஈரச் சப்பாத்தோடு நிற்காதே. உன் கால்கள் இடறாமல் ஆண்டவர் காப்பாராக. நத்தாருக்கு வருகிறாயா இல்லையா என்று எழுது. தொலைபேசியில் வேண்டாம், கடிதமாக எழுது.

உன் அம்மா
பொன்மலர் நேசையா